நல்ல நேரத்தில் விழுந்த ஓட்டை

நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து, "கொஞ்சம் இங்கிட்டுத் திரும்புங்க" என்று நான் சொல்வதற்குள் அடுத்த சடங்கு வந்துவிடும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் வந்த கூச்சமா, பிறக்கும்போதே கூட வந்ததா, தெரியாது. கூச்சக்காரனுக்குக் கோபம் வராது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வரும். வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். இதை எழுதும்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

திருமயத்தில் நான் வாடகைக்கு ஸ்டூடியோ வைத்திருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். வேறு கடை கிடைக்கவில்லை. வீட்டின் முன்னறையையே ஸ்டூடியோவாக மாற்றினேன். அறை சிறியது. திரையைத் தொங்கவிடக் கடையில் வைத்திருந்த ஸ்டாண்டுகளின் கால்கள் பாதித் தரையைப் பிடித்துக்கொண்டன. காது குத்து முடிந்து படம் எடுக்க வந்த ஒரு குழந்தை அந்தக் காலில் இடறி, ஸ்டாண்டு, திரை எல்லாம் சேர்ந்து அதன் தாய்மாமன் தலையில் விழுந்தன. மடியில் உட்கார வைத்துக் காது குத்திய மாமன் அவர். "காது அதுக்கு, ரத்தம் எனக்கா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சுவரில் மாட்டுகிற ரோலர் வாங்குவது என்று அன்றே முடிவு செய்தேன்.

அது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. சுவரின் இந்தப் பக்கம் ஓர் இரும்புப் பட்டை, அந்தப் பக்கம் ஓர் இரும்புப் பட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று கொக்கிகள். கொக்கிக்குக் கொக்கி அலுமினியக் குழாய்; குழாயில் சுருட்டிய திரை. வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று, பச்சை ஒன்று. குழாயின் முனையில் பிளாஸ்டிக் சங்கிலி. ஒரு பக்கம் இழுத்தால் திரை இறங்கும், மறுபக்கம் இழுத்தால் ஏறும். இறங்கிய திரை அப்படியே தரையில் வளைந்து முன்னால் ஓடி வர வேண்டும். அப்போதுதான் சுவரும் தரையும் சேரும் கோடு படத்தில் தெரியாது. ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். ரோலரைக் கூரையை ஒட்டி உயரத்தில் மாட்ட வேண்டும். நிற்பவரின் தலைக்கு மேலே திரை நிறைய இருக்க வேண்டும். இல்லையென்றால் படத்தில் தலைக்குப் பின்னால் குழாயும் கொக்கியும்தான் விழும்.

ரோலர் பார்சலில் வந்த அதே வாரத்தில்தான் அந்தக் குடும்பமும் வந்தது.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் குடும்பப் படம் எடுக்க வருவார்கள். "அண்ணே, அவுகளுக்கு எடம் விட்டு எடுங்க" என்பார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு நிற்க வைத்து எடுப்பேன். பிறகு அவர் போனில் அனுப்புகிற படத்தை வெட்டி அந்த இடத்தில் ஒட்டுவேன். அனுப்புகிற படத்தில் நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. அதனால் கோட்டு போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஓர் உடம்பைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். யாருடைய உடம்பு என்று எனக்கே தெரியாது. துபாய், குவைத், சவூதி எல்லோருக்கும் அதே உடம்புதான். தலை மட்டும் மாறும்.

அந்த அம்மா பல வருடங்களாக என்னிடம் இப்படி இடம் விட்டு எடுத்துக்கொண்டவர். இந்த முறை கணவர் லீவில் வந்திருந்தார். எங்கள் வீட்டு வாசல் நிலையில் தலை இடித்துவிடாமல் இருக்க நன்றாகக் குனிந்து உள்ளே வந்தார். நிமிர்ந்தபோது எனக்குத் திக்கென்றது. ஆறடிக்கு மேல் இருப்பார். இந்த மனிதரையா இத்தனை வருடம் அந்தக் கோட்டுக்குள் அடக்கி உட்கார வைத்தேன்!

"எங்க பாப்பா கேக்குதுண்ணே, அப்பா ஏன் எல்லாப் படத்துலயும் ஒக்காந்தே இருக்காருன்னு" என்றார் அவர். "இந்தத் தடவ நின்னு எடுக்கணும். என் காலு தெரியணும். கம்ப்யூட்டர்ல ஒட்டுற வேல ஒன்னும் வேணாம். இருக்கிறத இருக்கிறபடி எடுத்துக் குடுங்க."

சனிக்கிழமை வரச் சொன்னேன். ஞாயிறு இரவு திருச்சியில் அவருக்கு விமானம். அதற்குள் ரோலரை மாட்டிவிடலாம் என்று நம்பினேன்.

பக்கத்திலேயே ஒரு தச்சர் இருக்கிறார். கூப்பிட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் என் மனைவியின் தம்பி கட்டட வேலைகளில் பைப்பும் கரண்டும் பார்க்கிறவன். அவனிடம் துளை போடுகிற மெஷின் இருக்கிறது. அவன் இருக்கும்போது நான் வெளியாளைக் கூப்பிட முடியாது.

"வெளியாள வச்சுச் செஞ்சீங்கன்னா நாளைக்கு என் தம்பி மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது?" என்றாள் மனைவி.

சரி என்றேன். நான் எதற்குத்தான் சரி என்று சொல்லாமல் இருந்திருக்கிறேன்?

வெள்ளிக்கிழமை காலையில் அவன் வருவதாக ஏற்பாடு. மேசை மேல் நாற்காலி போட்டு ஏறி, கூரைக்குக் கொஞ்சம் கீழே, துளை போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்தேன். மெஷினைப் பிடித்துக்கொண்டு அப்படி ஏறி நிற்க முடியாது, ஏணி வேண்டும். எங்கள் ஏணி அம்மன் கோயிலில் இருந்தது. திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்ட இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். எடுத்து வரப் போனேன்.

ஏணியின் உச்சியில் ஒருவன் நின்று வயர் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "என்னண்ணே, சும்மா வந்தீங்களா?" என்றான். ஏணி வேண்டும், இறங்கு என்று சொல்ல வேண்டியதுதானே? "சும்மாதான். நீ முடி" என்றேன். அவன் நிதானமாக முடித்தான். ஒவ்வொரு பல்பாக எரிய விட்டுப் பார்த்தான். எரியாததை மாற்றினான். நான் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கு வரும்போதே மெஷின் சத்தம் கேட்டது.

உள்ளே தரையெல்லாம் செங்கல் தூள். மைத்துனன் மெஷினோடு தரையில் நின்றிருந்தான். சுவரில் அவன் தலைக்குச் சற்று மேலே ஒரு ஓட்டை. அதைச் சுற்றிச் சந்தனம், நடுவில் குங்குமம். என் மனைவி சூடத் தட்டோடு நின்றிருந்தாள்.

"வாங்க மச்சான்! நல்ல நேரத்துல மொத ஓட்டையப் போட்டாச்சு!"

"நான் மேல குறி போட்டிருந்தேனே மாப்ள."

"பாத்தேன் மச்சான். தரையில நின்னா எட்டல, நாற்காலி ஆடுது. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருது. நீங்க ஏணிய எடுக்கப் போனீங்களா, செய்யப் போனீங்களான்னு தெரியல. அக்கா வேற கத்துது. கை எட்டுன எடத்துல போட்டுட்டேன்."

"இது ரொம்பக் கீழ இருக்கே."

"அதுனால என்ன? மத்த ஓட்டையெல்லாம் இதுக்கு நேராப் போட்டாச் சரியாப் போகுது. ஒரு நூலு ஏறாது, எறங்காது. எழுதித் தாரேன்."

அப்படியே செய்தான். நல்ல நேரத்தில் ஆரம்பித்துவிட்ட வேலை என்பதால் மீதியை ராகு காலத்தில் முடிப்பதில் அவர்களுக்குத் தடை இல்லையாம். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி நட்ட நடுவில் நின்றது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நேராக, இவ்வளவு உறுதியாக, இவ்வளவு தப்பாக ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை.

அவன் கை கழுவப் போனபோது மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். "இத விட்டுட்டு மேல மாத்திப் போடச் சொல்லு."

"சூடம் காட்டுன ஓட்டைய மூளியா விடச் சொல்றீங்களா? தொழில் நடக்கிற எடம்ங்க!"

அவன் ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, மெஷினை மூலையில் வைத்தான். எங்கள் அடுப்படிக் குழாயைத் திங்கட்கிழமை வந்து மாற்றுவானாம். நான் கொண்டு வந்த ஏணி வாசலில் சாய்ந்து நின்றது. யாரும் அதை உள்ளே எடுத்துக்கூட வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பார்த்தால், வெள்ளைத் திரை சுற்றிய குழாயின் மேல் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கை எட்டுகிற உயரத்தில் ஒரு கம்பி இருந்தால் வேறு எதற்கு என்றுதான் நினைப்பார்கள்? துண்டை எடுத்து மடித்து வைத்தேன். இரவுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். வெயிலுக்கு வயிறு சரியில்லை போல என்று மனைவி மோர் கரைத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். அந்த அம்மா பட்டுச் சேலையில், மகள் புதுப் பாவாடையில், சின்னப் பையன் தலை நிறைய எண்ணெயோடு. அவர் புது வேட்டி சட்டையில் திரைக்கு முன்னால் ஓரமாகப் போய் நின்றார். குழாய் சரியாக அவர் நெற்றிக்குப் பின்னால் வந்தது. சங்கிலி காதோரம் தோடு மாதிரித் தொங்கியது. கேமராவை இறக்கிப் பார்த்தேன், ஏற்றிப் பார்த்தேன். திரையை விட்டு முன்னால் வரச் சொன்னேன். குழாய் இன்னும் கீழே போனது. நான் பின்னால் போய்ப் போய் வாசற்படியைத் தாண்டித் தெருவில் நின்றேன். குழாய் அவர் தலையை விட்டு நகரவில்லை. கம்ப்யூட்டரில் வெள்ளையை மேலே இழுத்துக் குழாயை மறைத்துவிடலாம். எனக்கு அது ஒரு நிமிட வேலை. அதைத்தானே அவர் வேண்டாம் என்றிருந்தார்.

என் நெற்றியில் வேர்ப்பதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. "வேணாம்ணே, செரமப்படாதீங்க. எப்பவும் போல எடம் விட்டு எடுத்து, அவுகள ஒட்டிக் குடுத்துருங்க" என்றார்.

கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பக்கத்துலதானே நிக்கிறேன்" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அவருக்கு வராத கோபமும் சேர்ந்து எனக்கு வந்தது. நல்ல நேரம், ராகு காலம், சந்தனம், குங்குமம், ஐந்து இட்லி எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

"நாளைக்கு வாங்க. சரி பண்ணி வைக்கிறேன்" என்றேன்.

"நாளைக்குக் காலையில கோயில், அப்பறம் மணமேல்குடியில தங்கச்சி வீடு. அஞ்சரைக்கு வந்துருவோம்ணே. ஆறரைக்கு வேன் வந்துரும்" என்றார் கணவர்.

அவர்கள் போனதும் மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

"ஒசரமான ஆளுன்னா ஒக்காரச் சொல்றதுதானே மச்சான்? இதுக்கா இம்புட்டுக் கவல?" என்று சிரித்தான். "நாளைக்கு ராத்திரி அவருக்குப் பிளேன் மாப்ள" என்றேன். "சரி சரி, நாளைக்குக் காலையில வந்து மாத்தித் தாரேன். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசினான். மனைவியும் ஒப்புக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் எப்போது என்று காலண்டரைப் பார்த்து வைத்தாள். அந்த நேரம் வந்தது, போனது. அவன் வரவில்லை. மதியம் போன் எடுக்கவில்லை. நாலு மணிக்கு எடுத்தான். பின்னால் ஏகப்பட்ட பேச்சுச் சத்தம், இலை போடுகிற சத்தம்.

"கறம்பக்குடியில ஒரு கறி விருந்து மச்சான், இழுத்துட்டு வந்துட்டாங்க. இனிமே கெளம்புனாலும் நாலரைக்கு ராகு காலம் பொறந்துரும். வெள்ளிக்கெழம நல்ல நாளு. நிதானமாப் பண்ணிக்கலாம்."

போனை வைத்தேன். எனக்குள் சுற்றிக்கொண்டிருந்த கோபம் அன்றுதான் வழி கண்டுபிடித்தது என்று நினைக்கிறேன். ஏணியை உள்ளே கொண்டு வந்து சுவரில் சாத்தினேன். ரோலர்களை இறக்கினேன். பட்டைகளைக் கழற்றினேன். மூலையிலிருந்து அவனுடைய மெஷினை எடுத்தேன். வாழ்நாளில் அதை நான் கையால் தொட்டதில்லை.

மனைவி ஓடி வந்தாள். "ஏங்க, மணி நாலரை ஆச்சுங்க. ராகு காலம்!"

"தெரியும்."

"ஆறு மணி வரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?"

"ஆறரைக்கு அவரு ஊரு விட்டே போறாரு!"

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சத்தத்தை அவள் என்னிடம் கேட்டதில்லை.

"கத்துறதக் கீழ நின்னு கத்துங்க. மேல ஏறிக் கத்தி விழுந்து வச்சீங்கன்னா ராகு காலத்த யாரும் சொல்ல மாட்டாக, என்னையத்தான் சொல்லுவாக" என்று சொல்லிவிட்டு, ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடவும் இல்லை, திட்டுவதை நிறுத்தவும் இல்லை.

மெஷின் கையில் துள்ளியது. நான் நினைத்த இடத்தில் அது நிற்கவில்லை. சுவரில் வழுக்கிக்கொண்டு ஓடி ஒரு கோடு போட்டது. குறியில் வைத்து அழுத்தினால் உள்ளே கான்கிரீட், இறங்க மாட்டேன் என்றது. கொஞ்சம் கீழே தள்ளி வைத்தேன். செங்கல் கிடைத்தது. தூள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. முதல் ஓட்டையை மைத்துனனை நினைத்துப் போட்டேன். அடுத்தது காலண்டர் அச்சடித்தவனுக்கு. அதற்கு அடுத்தது, பல்பு பல்பாக எரிய விட்டுப் பார்த்த அந்தக் கோயில் ஆளுக்கு. அதற்குப் பிறகு திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. கோபம் மட்டும் பாக்கி இருந்தது, அதை வைத்து மீதியைப் போட்டேன். ஓட்டைகளுக்குள் பிளாஸ்டிக் முளைகளைச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். திருகாணிகளை உள்ளங்கை சிவக்க முறுக்கினேன்.

ரசமட்டம் வைத்தபோது குமிழி ஒரு பக்கமாகப் போய் நின்றது. இடது பக்கம் கொஞ்சம் தாழ்வு. திரையைச் சுருட்டும்போது ஓரம் கோணும், தெரியும். கோணட்டும். பட்டையைப் பிடித்து என் கனத்தைக் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. வெள்ளைத் திரையை மாட்டிச் சங்கிலியை இழுத்தேன். கூரையடியிலிருந்து இறங்கி, குங்குமம் வைத்த ஓட்டையை மூடிக்கொண்டு, தரைக்கு வந்து வளைந்து நின்றது.

அவர்கள் வந்தபோது என் தலையெல்லாம் செங்கல் தூள். முகம் கழுவக்கூட நேரம் இல்லை. அவர் போய் நின்றார். அவர் தலைக்கு மேலே இரண்டு முழம் வெள்ளை இருந்தது.

கேமராவில் கண் வைத்துப் பார்த்தேன். அந்த அம்மா ஓர் ஓரத்தில் நின்றிருந்தார். பிள்ளைகள் மறு ஓரத்தில். நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. பழக்கம். இத்தனை வருடம் அப்படியே நிற்க வைத்தவன் நான்தானே. கணவர் அந்த இடத்துக்குள் வரத் தெரியாமல், பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் யாரோ விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"நடுவுல வாங்க" என்றேன். அவர் வந்தார். அந்த அம்மா அவருக்கு வழி விட்டு இன்னும் விலகினார். இடைவெளி அப்படியே இருந்தது.

"கிட்ட வாங்கம்மா."

அரை அடி வந்தார்.

"இன்னும் கிட்ட வாங்கன்னா வாங்க! ஒட்டுறதுக்கு இனிமே யாரு இருக்கா? ஆளுதான் நிக்கிறாருல்ல! தோளு தோளோட இடிக்கணும்!"

வாடிக்கையாளரிடம் நான் போட்ட முதல் சத்தம் அதுதான். சின்னப் பையன் மிரண்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா வெட்கத்தோடு நகர்ந்து போய்க் கணவரின் தோளில் இடித்தார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, கொஞ்சம் தடுமாறி நின்றார். எடுத்துவிட்டேன்.

கேமராவின் திரையில் காட்டினேன். மகள் எட்டிப் பார்த்து, "அப்பா நிக்கிறாரு" என்றாள். அவர் வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, பெரிதாக்கச் சொல்லி, செருப்பில்லாத தன் கால்களையும் அவற்றைக் கட்டிக்கொண்டிருந்த பையனின் கைகளையும் பார்த்தார். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். வாசலில் மறுபடியும் குனிந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அடுப்படிக் குழாயை மாற்ற மைத்துனன் வந்தான். முன்னறையில் நின்று அண்ணாந்து பார்த்தான். "கோணலா இருக்கே மச்சான்" என்றான். "ராகு காலத்துல போட்டா அப்புடித்தான். வெள்ளிக்கெழம பிரிச்சு, நேரா மாட்டித் தாரேன்."

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றேன்.

அவன் ஏதோ வேடிக்கை என்று சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை. "குழாயப் பாருடா மொதல்ல" என்று அவனை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் இன்றைக்கும் ஊரில், "மச்சான் ஸ்டூடியோ நான் மாட்டிக் குடுத்ததுதான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கீழே இருந்த ஓட்டைகளைப் பட்டி பூசி அடைத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. குங்குமம் வைத்த ஓட்டையில் கை வைக்க மனைவி விடவில்லை. அது மூளியாக இருக்கக் கூடாது என்று ஒரு முளையும் ஆணியும் அடித்து, சாமி காலண்டரை மாட்டிவிட்டாள். திரையை இறக்கினால் ஆணி பின்னாலிருந்து துருத்திக்கொண்டு தெரியும். அதனால் படம் எடுக்க யார் வந்தாலும் முதலில் காலண்டரைக் கழற்றிக் கட்டிலில் வைக்கிறேன். ஆணியைக் குறட்டால் பிடுங்குகிறேன். அவர்கள் போனதும் மறுபடி அடித்து மாட்டுகிறேன். அடிக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இருக்காது.

ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அது ஆறுவதற்குள் கேமராவை எடுத்துக்கொண்டு, திரைக்கு முன்னால் தள்ளித் தள்ளி நிற்கிறவர்களைப் பார்த்து, "கிட்ட வாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.